கட்சியைக் கலைக்கலாம், வாக்காளரைக் கலைக்க முடியுமா?



ஒரு கட்சியைச் சட்டத்தின் துணைகொண்டு கலைத்துவிடலாம். அதற்கு வாக்களித்த மக்களையும் கலைத்துவிட முடியுமா? பின்லாந்து நாட்டிலே மூன்றே ஆண்டுகள் வாழ்ந்த ஒரு கட்சியின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

1918இல் அந்நாட்டில் செம்படைக்கும் வெண்படைக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. தொழிலாளரும் நிலமற்ற உழவர் பலரும் நின்ற செம்படை தோற்றது. போருக்குப் பின் சிறை முகாம்களிலே பசியாலும் நோயாலும் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ரஷ்யாவுக்குத் தப்பிய தலைவர்கள் அவ்வாண்டே மொஸ்கோவில் பின்லாந்துக் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவினர். தாய்நாட்டிலோ அக்கட்சி சட்டவிரோதமானது. ஆகவே, உள்நாட்டிலிருந்த இடதுசாரிகள் 1920 மே மாதத்தில் சோசலிசத் தொழிலாளர் கட்சி என்ற பெயரில் கூடினர். தொடக்க மகாநாட்டிலேயே பொலிசார் புகுந்தனர். எனினும் கட்சி மீண்டும் எழுந்து, 1922ஆம் ஆண்டுத் தேர்தலில் 200 ஆசனங்களில் 27ஐப் பெற்றது.

மொஸ்கோவிலிருந்த தலைவர்களுடன் இக்கட்சிக்குத் தொடர்பு இருந்தது. அதை மறைப்பது நேர்மையன்று. குற்றம் செய்தவனை விசாரித்துத் தண்டிப்பதும் அரசின் கடமையே. ஆனால், 1923 ஆகஸ்டில் பிரதமர் கல்லியோவின் அரசாங்கம் அந்த 27 உறுப்பினரையும் கைதுசெய்தது. கட்சியும் ஒடுக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த மக்கள் பிரதிநிதியின்றி நின்றனர்.

அப்பொழுது குடியரசுத் தலைவராயிருந்தவர் ஸ்டால்பெர்க். அவர் சட்டப் பேராசிரியர், கம்யூனிஸ்ட் அல்லர். 27 ஆசனங்கள் வெறுமையாய்க் கிடக்கும் சபை முழுமையான மக்கள் சபையாகாது என்று கருதி, 1924இல் பாராளுமன்றத்தைக் கலைத்துப் புதுத் தேர்தலுக்கு வழிசெய்தார். அதற்கு இணங்காத கல்லியோ பதவி துறந்தார். தேர்தலிலே, தொழிலாளர், சிறு விவசாயிகள் என்ற பெயருடன் போட்டியிட்ட அதே இடதுசாரிகள் 18 ஆசனங்களைப் பெற்றனர்.

உழவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கல்லியோவும் ஒரு விவசாயியே. நிலமற்றோர் நிலம் பெற வழிசெய்த 1922ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயராலேயே வழங்குகின்றது. குறையைத் தீர்க்கும் வழியை அறிந்தவரே சிறைச்சாலையையும் நாடினார் என்பதுதான் வருந்தத்தக்கது.

1930இல் லப்புவா இயக்கத்தின் நெருக்குதலால் கம்யூனிஸ்டுகளை முற்றாகத் தடுக்கும் சட்டங்கள் பிறந்தன. 1932இல் அவ்வியக்கமே கிளர்ச்சியில் இறங்கியபோது, அது கேட்டு வாங்கிய சட்டத்தாலேயே அதுவும் தடைசெய்யப்பட்டது. பிறனுக்கென்று தீட்டிய வாள் தன் கழுத்துக்கே வந்தது!

1944இல் கம்யூனிஸ்ட் கட்சி மீதான தடை நீங்கியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில், அக்கட்சி சேர்ந்த மக்கள் ஜனநாயகக் கூட்டணி 49 ஆசனங்களைப் பெற்றது. தடையுத்தரவுகள் இருந்த காலமெல்லாம் அந்த வாக்காளர் எங்கும் போய்விடவில்லை. தங்கள் வயலிலும் ஆலையிலுமே இருந்தனர்.