பிடிச்சு விட்டா போதுமா?

இன்னைக்கு எபிசோடு ஒரு மீனைப் பத்தி. பேரு ஸ்மால்மவுத் பாஸ். வட அமெரிக்காவோட ஆறுகள், ஓடைகள்ல தூண்டில் போடறவங்களுக்கு இது ஒரு ஸ்டார். வெண்கல நிறம். ஓடைகள்ல பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்ளதான் இருக்கும். ஆனா தூண்டில்ல மாட்டினா தண்ணிக்கு மேல எகிறிக் குதிச்சு, ஒரு வழி பண்ணிடும்.

ஆத்துல இதை எங்க தேடறது? இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது பிடிக்கும். வேகமான நீரோட்டத்துல நின்னா மீனுக்கு சக்தி வீணாகும். தேங்கின தண்ணியில நின்னா சாப்பாடு வராது. அதனால பெரிய பாறைக்குப் பின்னாடி, வேகமும் மெதுவும் சந்திக்கிற ஓரத்துல நிக்கும். பக்கத்துல ஓடற தண்ணி ஒரு கன்வேயர் பெல்ட் மாதிரி பூச்சி, சின்ன மீன் எல்லாத்தையும் கொண்டு வந்து தரும். கல்லுக்கு அடியில இருக்கற க்ரேஃபிஷ், அதாவது இறால் மாதிரி கொடுக்கு வெச்ச ஒரு நன்னீர்ப் பிராணி, இதுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு.

இந்த மீனைப் பிடிக்கற நிறைய பேர் சாப்பிடறதில்ல, திரும்ப ஆத்துலயே விட்டுடறாங்க. அப்போ மீனுக்கு நஷ்டம் இல்லையே? வருஷத்துல பல மாசங்களுக்கு அது ஓரளவு சரி. வசந்த காலத்துல சரியில்ல.

தண்ணியோட வெப்பநிலை சுமார் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, ஆண் மீன் வாலால கூழாங்கல்லைப் பெருக்கி, வட்டமா ஒரு கூடு அமைக்கும். பெண் மீன் முட்டை போட்டுட்டுப் போயிடும். அதுக்கப்புறம் எல்லாமே அப்பா பொறுப்பு. முட்டை மேல துடுப்பால விசிறி விடும். கிட்ட வர்ற மீன்களைத் துரத்தும். குஞ்சு பொரிச்சு, தானா நீந்திப் போற வரைக்கும் வாரக்கணக்கில் காவல். அந்த நாட்கள்ல சரியா சாப்பிடக்கூட செய்யாது.

அப்போ தூண்டில் போட்டா டக்குனு கடிக்கும். பசியால இல்ல. எதிரி வந்துட்டான்னு நினைச்சு விரட்டுது. நமக்கு அது திறமை மாதிரி தெரியும்.

அந்த மீனை நாம கரையில வெச்சு போட்டோ எடுக்கற சில நிமிஷத்துல, சன்ஃபிஷ் மாதிரி சின்ன மீன்கள் கூட்டுக்குள்ள புகுந்து முட்டையைத் தின்னுடும். திரும்பி வர லேட் ஆக ஆக, களைப்பு கூடக் கூட, அப்பா கூட்டையே கைவிடற வாய்ப்பும் அதிகமாகும். கனடாவோட ஒண்டாரியோ ஏரிகள்ல ஆராய்ச்சியாளர்கள் இதைப் பல வருஷமா பதிவு பண்ணியிருக்காங்க. ஆறுன்னா இன்னொரு ஆபத்தும் உண்டு: அந்த நேரத்துல வெள்ளம் வந்தா கூடுகள் அடிச்சுட்டுப் போயிடும். தப்பிச்ச ஒவ்வொரு கூடும் முக்கியம்.

பென்சில்வேனியாவுல இதுக்கு விதியே இருக்கு. கண்ணுக்குத் தெரியற பாஸ் கூட்டுல திரும்பத் திரும்ப தூண்டில் வீசக் கூடாது.

அங்க இருக்கற நம்ம நண்பர்கள் யாராவது வசந்த காலத்துல தூண்டிலோட கிளம்பினா, ஆத்துல பளிச்சுனு ஒரு வட்டம், மேல நகராம ஒரு மீன் தெரிஞ்சா, தள்ளிப் போயிடுங்க. தெரியாம மாட்டிடுச்சுன்னா ரொம்ப நேரம் இழுக்காதீங்க, தண்ணியை விட்டு வெளிய எடுக்காதீங்க, அதே இடத்துல உடனே விட்டுடுங்க. கோடையில அதே பாறைக்குப் பின்னாடி அது உங்களுக்காக நிக்கும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.