கடலடியில் கற்ற பாடம்

கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் பெங்களூர். அங்குள்ள மாணவர் பலர்க்குக் கடல் என்பது படத்திலும் பாடத்திலும் கண்ட பொருளே. ஆதலின், கல்லூரி மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு ஒரு குளிர்காலத்தில் மேற்குக் கடற்கரையிலுள்ள முருடேசுவரத்துக்குச் சென்றோம். அங்கிருந்து ஏறக்குறைய 19 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலில், நேத்ராணித் தீவு உள்ளது. அதனை அடுத்த பவளப் பாறைகளை நீருள் மூழ்கிக் காண்பதே எங்கள் நோக்கம்.

கடலில் மூழ்குதல் தமிழர்க்குப் புதிதன்று. கொற்கையில் முத்துக் குளித்தோர் மூச்சடக்கியே இறங்கினர். முதுகிற் காற்றுக் கலம் சுமந்து இறங்கும் இன்றைய முறையோ, 1943இல் பிரெஞ்சு நாட்டினரான கூஸ்தோவும் காஞானும் அமைத்த கருவியாற் பரவியது. இதில் மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்கு. அங்கே உள்வாங்கிய காற்றை அடக்கியபடி மேலெழுந்தால், அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். எனவே பயிற்சியாளர் முதலிற் கற்பித்தது நீச்சலன்று. நிதானமாக மூச்சு விடுதலே.

கீழே கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ஓசை எங்கள் காதில் விழுந்தது. அவை அரைத்துக் கழிக்கும் சுண்ணம் வெண்மணலாகிறது. இடுக்கொன்றிலிருந்து களவா மீன் எங்களை நோக்கிற்று. பவளத்தைத் தொட ஒரு மாணவி கை நீட்டினாள். பயிற்சியாளர் மெல்லத் தடுத்தார். கல்லெனத் தோன்றும் அது, எண்ணற்ற சிற்றுயிர்களின் குடியிருப்பு. அவற்றின் உடலுள் வாழும் நுண்பாசிகளே அவற்றுக்கு உணவும் நிறமும் தருகின்றன. கடல்நீர் வழக்கத்தினும் வெப்பமுற்றால் பாசி நீங்கிப் பவளம் வெளுக்கும். வெப்பம் நீடித்தால் மடியும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பவளங்கள் இவ்வாறு வெளுத்தன.

அன்றே நாங்கள் பெங்களூர் திரும்பவில்லை. ஆழத்தில் உடலிற் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்லவே வெளியேறும். அதற்குள் மலையேறினால், குறைந்த காற்றழுத்தத்தில் அது குமிழிகளாகித் துன்புறுத்தக்கூடும். ஆகவே கரையில் ஓரிரவு தங்கினோம். "நம் உடலுக்கு இவ்வளவு அவகாசம் தருகிறோமே, பவளத்துக்கு அதைத் தருவது யார்?" என்று அம்மாணவி அப்போது கேட்டாள். கடலைச் சூடாக்கும் புகை கடற்கரையில் மட்டும் எழுவதன்று. பெங்களூர்த் தெருக்களிலும் நாள்தோறும் எழுகிறது. அவள் வினாவுக்கு விடை கூறும் கடமை, கடலைக் காணாத ஊரினர்க்கும் உண்டு.