நிலத்தில் தங்கும் நஞ்சு
(பஞ்சாயத்து உறுப்பினர்க்கும் உழவர்க்கும் நிகழ்த்திய உரை)



மண் வளம் என்றவுடன் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து ஆகிய மூன்றையே நாம் முதலில் எண்ணுகிறோம். இவை குறைந்தால் இட்டு நிரப்பலாம். அதில் நமக்கு நெடுநாட் பழக்கம் உண்டு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ இதற்கு நேர்மாறானது. நிலத்தில் இருக்கக்கூடாத ஒன்று மிகுந்துவிட்டால் அதனை அறிவது எங்ஙனம், அதனால் விளையும் கேடு எவ்வளவு என்று கணிப்பது எங்ஙனம் என்பதே அது. குரோமியம், காட்மியம், காரீயம், பாதரசம் முதலிய கன உலோகங்களைப் பற்றிச் சொல்கிறோம். ஆர்செனிக் என்னும் பாஷாணத்தையும் இவற்றோடு சேர்த்து எண்ணுவது வழக்கம்.

பூச்சிமருந்துகளிற் பல, வெயிலாலும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களாலும் நாளடைவில் சிதைந்துபோகும். உலோகம் சிதைவதில்லை. இன்று வயலில் படிந்தது பேரன் காலத்திலும் அங்கேயே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. பயிர் வாடாமலே கூட அது தானியத்தில் ஏறிவிடக் கூடும். காட்மியத்தின் தன்மை அதுவே. ஆதலின், ‘பயிர் நன்றாகத்தானே விளைகிறது’ என்பது இங்கே விடையாகாது.

‘மண்வள அட்டை வாங்கியிருக்கிறோமே, அதில் குறை ஒன்றும் சொல்லவில்லையே’ என்று உங்களிற் சிலர் கேட்கலாம். 2015 முதல் வழங்கப்பட்டுவரும் அந்த அட்டையில் 12 இனங்கள் உள்ளன. பேரூட்டச் சத்துக்கள், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அமில காரநிலை, உப்பின் அளவு, கரிமப் பொருள் முதலியவை அவை. காட்மியமும் காரீயமும் குரோமியமும் அவற்றில் இல்லை. அந்த அட்டை உரமிடுவதற்கு நல்ல வழிகாட்டி. நஞ்சில்லை என்பதற்குச் சான்று ஆகாது.

நம் மாநிலத்தில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டுவதில்லை. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். பின்னர் குரோமிய உப்பு அவற்றின் இடத்தைப் பிடித்தது. கழிவு நீர் ஓடைகளிலும் ஏரிகளிலும் வயல்களிலும் பாய்ந்தது. 1996 ஆகஸ்டு 28 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், இத்தொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாததாகிவிட்டது என்ற ஆய்வு எடுத்துக்காட்டப்பெற்றது. திண்டுக்கல் பக்கத்து 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்தன என்பதும் அதே தீர்ப்பில் காணப்படுகிறது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி அப்பொழுது வலியுறுத்தப்பட்டது. ஆயினும் 2025 ஜனவரி 30 இல் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது என்றால், கெட்ட நிலத்தைத் திருத்துவது எத்துணை அரிது என்பதை நீங்களே உணரலாம்.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். தோல் கழிவு பாய்ந்த நிலத்தில் முதலில் கண்ணுக்குத் தெரிவது உப்பு. வெண்மை பூக்கிறது, தென்னை காய்க்க மறுக்கிறது. உழவர் உடனே அறிந்துகொள்கிறார். குரோமியம் அப்படித் தெரிவதில்லை. அதுவும் இரு வகையாக இருக்கிறது. பதனிடுவதில் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அறுவிணைதிறக் குரோமியமோ நீரில் எளிதில் கரைந்து கிணறு வரை செல்லும். புற்றுநோய் விளைக்க வல்லது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் இரசாயனத் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற, ஒரு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குவியலில் இருப்பது இந்த இரண்டாம் வகை. எனவே ‘குரோமியம் இவ்வளவு’ என்று மொத்தமாகச் சொல்லும் அறிக்கை போதாது. அறுவிணைதிறம் தனியே எவ்வளவு என்று கேட்டுப் பெறுங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது என்பது இந்தியத் தரவரம்பு.

இனி, மண் மாதிரி எடுக்கும் முறை. ஆய்வுக்கூடம் எவ்வளவு சிறந்ததாயினும், எடுத்த மண் தவறானால் வந்த விடையும் தவறே. ஆகவே இதில் சற்றே நிற்போம்.

கழிவு நீர் பாயும் மடையருகே ஒரு பிடியும் வயலின் கடைக்கோடியில் ஒரு பிடியும் எடுத்துக் கலந்துவிட்டால், இரண்டு உண்மைகளும் மறைந்துபோகும். மடைப் பக்கம், நடு வயல், கடைமடை என்று மூன்றாகப் பிரித்துத் தனித்தனி மாதிரி எடுப்பதே முறை. ஒவ்வொரு பகுதியிலும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில், 15 சென்டிமீட்டர் ஆழம் வரை, சீரான கனத்தில் மண்ணைச் செதுக்கி எடுக்க வேண்டும். வரப்பு, எருக்குவியல், மரநிழல், சாலையோரம் ஆகியவற்றை விலக்குக. துருப்பிடித்த மண்வெட்டியும் துத்தநாகம் பூசிய வாளியும் இவ்வேலைக்கு ஆகா. மரக்கரண்டியோ, துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியோ, பிளாஸ்டிக் வாளியோ கொள்க. உலோகத்தைத் தேடப் போகும் நாமே உலோகத்தைச் சேர்த்துவிடலாகாது அல்லவா! எடுத்த மண்ணை நிழலில் உலர்த்தி, நாற்பாகமாகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளிக்கொண்டே வந்து, அரைக் கிலோ அளவுக்குக் குறைத்துத் தூய பையில் இடவும்.

இத்துடன் முடியவில்லை. கழிவு நீர் என்றுமே பாயாத, ஆனால் அதே வகை மண்ணுள்ள வயலிலிருந்து ஒரு மாதிரி கட்டாயம் வேண்டும். ஏனெனில் சில ஊர்களில் பாறையிலேயே உலோகம் உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் இயற்கையாகவே குரோமியத் தாது இருக்கிறது. அங்கே எடுத்த மண்ணைத் தஞ்சை வண்டலோடு ஒப்பிட்டு ‘மாசு’ என்று கூவினால் வழக்கு நில்லாது. ஓரிடத்தில் மட்டும் 15 முதல் 30, 30 முதல் 60 சென்டிமீட்டர் ஆழ மண்ணையும் தனியே எடுங்கள். மேல் மண்ணில் மட்டும் மிகுந்திருந்தால் அது வெளியிலிருந்து வந்தது என்று ஐயுற இடமுண்டு. ஆழம் முழுதும் ஒரே அளவாயின் பாறையின் கொடையாக இருக்கலாம்.

அறிக்கை கைக்கு வந்ததும் அதனைப் படிக்கும் கணக்கு எளியது. வயல் மண்ணின் அளவைத் தூய மண்ணின் அளவால் வகுக்க வேண்டும். 1 க்குக் கீழே வந்தால் கவலை இல்லை. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3 முதல் 6 வரை கணிசமான மாசு. அதற்கு மேல் கடும் மாசு. சுவீடன் நாட்டு அறிஞர் ஹோக்கன்சன் 1980 இல் வகுத்த முறை இது. உலோகத்துக்கு உலோகம் நச்சுத்தன்மை வேறுபடுவதால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எடையும் அவர் கொடுத்தார்: குரோமியத்துக்கு 2, காரீயத்துக்கு 5, காட்மியத்துக்கு 30, பாதரசத்துக்கு 40. இரண்டு உலோகங்கள் மும்மடங்கு மிகுந்திருப்பதாகக் கொள்வோம். குரோமியமாயின் 6 என்றும், காட்மியமாயின் 90 என்றும் வருகிறது. 40 க்குக் கீழே குறைந்த இடர். 80 க்கு மேற்பட்டால் கணிசமான இடர். ஒரே மும்மடங்கு, ஆனால் ஒன்றுக்குப் பொறுக்கலாம், மற்றதற்குப் பொறுக்க முடியாது.

இக்கணக்கை அளவுக்கு மீறி நம்புவதும் நமக்கு உடன்பாடன்று. அது ஏரியடி வண்டலுக்காக வகுக்கப்பட்டது. உண்பவர் உடலுக்கு வரும் கேட்டை அது நேரே சொல்லாது. அதற்குத் தானியத்தையே சோதிக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒருவர் காட்மியத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.04 மில்லிகிராம் வரை தாங்கலாம் என்பது, உலக உணவு, சுகாதார நிறுவனங்களின் வல்லுநர் குழு 2010 இல் கூறிய வரம்பிலிருந்து கிடைக்கும் கணக்கு. கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் காட்மியம் உள்ள அரிசியில் 400 கிராம் உண்டால் அந்த வரம்பு சோற்றிலேயே தீர்ந்துவிடுகிறது. வாணிபத்துக்கான உலகத் தரவரம்போ அரிசிக்கு 0.4 மில்லிகிராம். மூன்று வேளையும் சோறுண்ணும் நாம் அந்த வரம்புக்குள் இருக்கிறோம் என்று மட்டும் அமைதி கொள்வதற்கில்லை.

இது வெறும் அச்சமன்று. ஜப்பான் நாட்டு டொயாமா மாவட்டத்தில், ஜின்சு ஆற்றின் மேற்பகுதியிலிருந்த காமியோகாச் சுரங்கத்தின் காட்மியக் கழிவு, ஆற்று நீர் வழியே நெல் வயல்களிற் படிந்தது. அவ்வரிசியை ஆண்டுக்கணக்கில் உண்ட மக்கள், பெரும்பாலும் பல பிள்ளைகளைப் பெற்ற மூத்த பெண்டிர், எலும்பு மெலிந்து முறியும் நோய்க்கு ஆளாயினர். ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று அவர்கள் அரற்றியதே நோய்க்கும் ‘இதாய் இதாய்’ எனப் பெயராயிற்று. 1968 இல் ஜப்பானிய அரசு இதனை மாசினால் வந்த நோயென ஒப்புக்கொண்டது. 1970 இல் விளைநில மாசுத் தடுப்புச் சட்டம் பிறந்தது. கெட்ட மண்ணைக் கீழே புதைத்து மேலே நல்ல மண்ணைப் பரப்பும் வேலை 1979 இல் தொடங்கி 2012 இல்தான் முடிவுற்றது. திருத்திய நிலம் 863 ஹெக்டேர். ஆன காலம் 33 ஆண்டு!

நம்மால் அவ்வளவு செலவிட இயலாது. ஆனால் இடரைக் குறைக்கும் வழிகள் உண்டு. புளிப்பு நிலத்தில் காட்மியம் மிகுந்திருந்தால் சுண்ணாம்பு இடுவது பயிருக்குள் அது ஏறுவதைக் குறைக்கும். அறுவிணைதிறக் குரோமியத்துக்கோ சுண்ணாம்பு உதவாது. தொழு உரமும் மக்கிய தழையும் அதனை மூவிணைதிறமாக மாற்றத் துணைசெய்யும். நெல்லில் கதிர் வெளிவரும் பருவத்தில் நீரைக் கட்டி நிறுத்தினால் காட்மியம் குறையும், ஆனால் ஆர்செனிக் கூடும். ஆகவே எந்த உலோகம் என்று அறியாமல் மருந்து செய்யலாகாது. ஐயத்துக்குரிய வயலில் கீரையையும் கிழங்கையும் தீவனப் புல்லையும் விலக்கி, பருத்தியோ பூச்செடியோ மரமோ வைப்பது நல்லது.

பஞ்சாயத்தார் தம் கம்போஸ்ட் குழிகளையும் பார்க்க வேண்டும். பழைய பாட்டரிகளும் வண்ணப்பூச்சு டப்பாக்களும் அதில் விழுந்தால், உரம் என்ற பெயரில் நஞ்சையே வயலுக்கு ஏற்றியனுப்புகிறோம். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்டில் கிலோவுக்குக் காட்மியம் 5, குரோமியம் 50, காரீயம் 100 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. நகராட்சியிடமிருந்து உரம் வாங்கும் ஊர்கள் இந்த எண்களைக் காட்டும் சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குக.

மாசுபட்ட இடங்கள் பற்றி 2025 இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், ஐயத்துக்குரிய இடங்களைக் கண்டறிந்து பட்டியலிடும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளுக்கும் மாவட்ட நிருவாகத்துக்கும் அளித்திருக்கின்றன. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றும்பொழுது சர்வே எண், கழிவு வரும் வாய்க்கால், கெட்ட கிணறுகள் ஆகியவற்றைக் குறித்து, சோதனை அறிக்கையையும் இணைத்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சித் தலைவருக்கும் அனுப்புங்கள். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய மண்ணில் பாதியைத் தேதி, ஆழம், சர்வே எண் எழுதிய சீட்டோடு முத்திரையிட்டுப் பஞ்சாயத்து அலுவலகத்திலேயே வைத்திருக்கவும். பின்னர் எவரேனும் அறிக்கையை மறுத்தால், மறு சோதனைக்கு அதே மண் கையில் இருக்கும்.