மேலே நீலம், உள்ளே துரு

 

நான் காரைக்கால்காரன். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பகலில் பெயிண்ட் அடிக்கும் வேலை. மாலையில் நம் மையத்தில் உங்களோடு எழுத்து வேலை. இன்று இரண்டையும் சேர்த்துப் பேசப் போகிறேன். எதைப் பற்றி? நம் வீட்டு வாசலில் நிற்கும் இரும்புக் கேட்டைப் பற்றி.

"ஒரு கேட்டுக்கு இவ்வளவு பேச்சா?" என்று நீங்கள் கேட்கலாம். முதலில் என் வீட்டுக் கதையைக் கேளுங்கள்.

2018-ஆம் ஆண்டு. அம்மா சீட்டுக் கட்டிய பணத்தில் கேட்டுக்குப் பெயிண்ட் வாங்கி வந்தார். "இரும்புக்கு வேண்டும்" என்று கடையில் கேட்டிருக்கிறார். கடையில் அவசரத்தில் டப்பாவை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அடியில் பூசும் பிரைமர் மரத்துக்கு உரியது. அம்மாவுக்கு அப்போது எழுத்துத் தெரியாது.

பெயிண்ட் அடித்தது யார்? நான்தான். எனக்கு எழுத்துத் தெரியும். ஆனால் டப்பாவை நான் படிக்கவில்லை. கேட்டில் துரு இருந்தது. அதையும் நான் சுரண்டவில்லை. துருவின் மேலேயே அடித்தேன். நல்ல நீல நிறம். தெருவே பார்த்தது. எனக்குப் பெருமை.

நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. பக்கத்து நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்தது. நம் ஊரிலும் காற்று, மழை. பொங்கலுக்குள் எங்கள் கேட்டில் பெயிண்ட் தோசை போல உரிந்தது.

தை மாதம் ஒரு நாள். என் தம்பி கேட்டில் ஏறி ஆடினான். மேல் கீல் முறிந்தது. கேட் அவன் கால் மேல் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது. இரண்டு மாதம் அவன் பள்ளிக்குப் போகவில்லை.

அன்று மாலை அந்தக் கீலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே நீலம். உள்ளே தூள். துரு முன்பே கீலைத் தின்றுவிட்டது. என் பெயிண்ட் அதைக் காக்கவில்லை. மறைத்துவிட்டது.

அம்மா அழுதார். "எனக்கு எழுத்துத் தெரிந்திருந்தால் சரியான டப்பாவை வாங்கியிருப்பேனே, தம்பி" என்றார். எனக்குத் தலை குனிந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்தும் நான் படிக்கவில்லை. யார் தவறு பெரியது? நீங்களே சொல்லுங்கள்.

அதன் பிறகுதான் ஒரு மேஸ்திரியிடம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். கற்றதைச் சொல்கிறேன்.

துரு எப்படி வருகிறது?

இரும்பு, தண்ணீர், காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் துரு வரும். கடற்கரை ஊரில் உப்பும் சேர்கிறது. கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து கேட்டில் படிய வைக்கிறது. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் மழை இல்லாத நாளிலும் இரும்பு ஈரமாக இருக்கும். துரு வேகமாகப் பிடிக்கும்.

துரு, இரும்பை விட அதிக இடம் பிடிக்கும். பெயிண்டுக்கு அடியில் துரு இருந்தால் அது உப்பும். பெயிண்டைத் தள்ளிவிடும். ஆகவே துருவின் மேல் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு.

எப்போது அடிக்கலாம்?

நமக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதற்கு முன்பே வேலையை முடித்துவிட வேண்டும். மழை இல்லாத நாளாகப் பாருங்கள். காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள். உச்சி வெயிலில் வேண்டாம். சுடும் இரும்பில் அடித்தால் பெயிண்டில் கொப்புளம் வரும்.

எப்படி அடிப்பது?

முதலில் சோதனை. கீலையும், பற்றவைத்த இடங்களையும், கேட்டின் அடிப்பாகத்தையும் சிறு சுத்தியலால் தட்டுங்கள். இரும்பு உதிர்ந்தால் பெயிண்ட் டப்பா வாங்காதீர்கள். வெல்டரைக் கூப்பிடுங்கள். இளைத்துப்போன இரும்புக்குப் பெயிண்ட் பலம் தராது.

இரண்டாவது, துருவை எடுப்பது. கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு உப்புத்தாளால் தேயுங்கள். தூக்கி நிற்கும் பழைய பெயிண்டைச் சுரண்டுங்கள். கெட்டியாக ஒட்டி இருப்பதை லேசாகத் தேய்த்தால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயம் விஷம். குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். அவர்களின் மூளையைப் பாதிக்கும். அதனால் பழைய பெயிண்டைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். தூசி பறக்காது. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். உதிர்ந்ததைக் கூட்டி எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஈயத்துக்கு இப்போது சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் 10 லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. 2016-இல் விதி வந்தது. 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது.

மூன்றாவது, கழுவுவது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி நன்றாகக் கழுவுங்கள். உப்பு தண்ணீரில்தான் போகும். டர்பன்டைனில் போகாது. கழுவியதும் துணியால் துடைத்துக் காய விடுங்கள். காய்ந்த அன்றே பிரைமர் அடியுங்கள். இரவெல்லாம் விட்டால் மறுபடி துரு எட்டிப் பார்க்கும்.

நான்காவது, பிரைமர். இரும்புக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் அடிப்பது வழக்கம். செங்கல் நிறத்தில் இருக்கும். ஓரங்கள், மூலைகள், பற்றவைத்த இடங்களில் முதலில் அடியுங்கள். கூரான ஓரத்தில் பெயிண்ட் தங்காது. துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். பிறகு கேட் முழுவதும் மெல்லிசாக இரண்டு முறை அடியுங்கள். பிரைமரோடு மட்டும் வாரக்கணக்கில் விடாதீர்கள். பிரைமர் சட்டை மாதிரி. மழைக்குச் சட்டை போதாது. மேலே குடை வேண்டும்.

அந்தக் குடைதான் எனாமல் பெயிண்ட். வெளிப்புறத்துக்கு உரியதாக வாங்குங்கள். இதையும் மெல்லிசாக இரண்டு முறை அடியுங்கள். ஒரு முறை அடித்தது நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. கெட்டியாக ஒரே தடவையில் அடித்தால் மேலே காயும், உள்ளே காயாது. சுருங்கிப் போகும். பெயிண்ட் அதிகம் வரட்டும் என்று மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். டப்பாவில் சொன்னதை, சொன்ன அளவுக்குக் கலந்தால் போதும்.

கீல் சுற்றும் இடத்தில் பெயிண்ட் வேண்டாம். கிரீஸ் போடுங்கள்.

வெள்ளிபோல் மின்னும் ஜி.ஐ. குழாயில் செய்த கேட்டா? அதற்குத் தனிப் பிரைமர் உண்டு. கேட்டு வாங்குங்கள். அதில் நேராக எனாமல் அடித்தால் உரிந்துவிடும்.

கடைக்குப் போகும் முன்

டப்பாவில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் இருக்கிறது. அதற்காக நாம் பயப்பட வேண்டாம். நமக்கு எழுதத் தெரியுமே! ஒரு சீட்டில் இப்படி எழுதிக்கொண்டு போங்கள்:

இரும்பு கேட். வெளியில் இருப்பது. கடற்கரை ஊர். இரும்புக்கு ரெட் ஆக்சைடு பிரைமர். வெளிப்புற எனாமல் பெயிண்ட்.

கடைக்காரரிடம் சீட்டைக் கொடுங்கள். "இது இரும்புக்குத்தானா? டப்பாவில் எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். விலையையும், தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் நீங்களே பாருங்கள். எண்கள் எல்லோருக்கும் பொது. ரசீது வாங்குங்கள்.

வேலை முடிந்தால் கேட்டை மறந்துவிடாதீர்கள். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் பாருங்கள். சிறு துருவை அன்றே எடுத்து, அந்த இடத்தில் மட்டும் பிரைமரும் பெயிண்டும் பூசுங்கள். செலவு கொஞ்சம்தான்.

கடைசியாக ஒன்று. சென்ற ஆண்டு எங்கள் கேட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடித்தோம். சீட்டு எழுதியது அம்மா. இந்த மையத்தில் எழுதப் பழகிய கை அது. கடையிலிருந்து வந்ததும் டப்பாவை என் முன் வைத்தார். "தம்பி, முதலில் இதைப் படி. பிறகு பிரஷ்ஷைத் தொடு" என்றார்.

நான் படித்தேன். பிறகுதான் தொட்டேன்.

நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் கேட்டின் கீலைத் தட்டிப் பாருங்கள். நாளை மாலை வந்து எனக்குச் சொல்லுங்கள்.