சந்தை சரிகையில் கிரிப்டோ நாணயமும் சரிவதேன்?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழக விடுமுறையில் ஊர் வந்த நாம் இளைஞர் கூடுமிடமெங்கும் கேட்ட சொல் ஒன்று உண்டு. கிரிப்டோ நாணயம் என்பதே அது. பங்குகள் வீழ்ந்தாலும் இது வீழாது, பொன்னுக்கு நிகரானது என்று நம்பி, கடல்கடந்த உறவினர் அனுப்பிய பணத்தை இதில் இட்டோரும் உளர். அந்நம்பிக்கை தகுமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

இவ்வகை நாணயங்களுள் மூத்தது பிட்கொயின். 2009 சனவரியில் தோன்றியது. எந்த அரசும் இதனை வெளியிடுவதில்லை. 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் உண்டாகாது என்பது இதன் விதி. அளவு மட்டானது, ஆதலின் விலை குன்றாது எனப் பலர் எண்ணினர். நடந்ததோ வேறு. 2021 நவம்பரில் ஏறக்குறைய 69,000 டொலருக்கு விற்றது, 2022 யூனில் 20,000 டொலருக்கும் கீழே இறங்கியது. 2022இல் அமெரிக்காவின் நஸ்டாக் பங்குச் சுட்டெண்ணும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வீழ்ந்தது. இரண்டும் கூடி வீழ்ந்தமைக்குக் காரணம் யாது?

அதே 2022இல் நம் ஊர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் இல்லை, பசளை இல்லை. கைச்செலவுக்கு முட்டுப்பட்ட வீட்டார் காணியையா விற்றனர்? காணி ஒரு நாளில் விலைப்படாது. பெட்டியிலிருந்த சங்கிலியே அடைவுக்குப் போயிற்று. இடர் வரும்போது முதலிற் கைவிட்டுப் போவது தீய பொருளன்று, விரைவிற் பணமாகும் பொருளே. பிட்கொயினை இரவிலும் விற்கலாம், ஞாயிற்றுக்கிழமையிலும் விற்கலாம். பங்கில் நட்டப்பட்டவர் கையிலேயே அதுவும் இருந்தால் அதனையும் விற்பார். 2020 மார்ச் 12ஆம் நாள், பெருந்தொற்று அச்சத்தாற் பங்குகள் வீழ்ந்தபோது, 8,000 டொலரை அண்டியிருந்த பிட்கொயின் 5,000 டொலருக்குக் கீழே போயிற்று. அவ்வாரம் பொன்னுங்கூடச் சரிந்தது.

இரண்டாவது காரணம் கடன். அடைவு பிடிப்பவர் தவணை தருவார், அறிவித்தலும் அனுப்புவார். நாணயத்தை ஈடு வைத்து மேலும் நாணயம் வாங்கியவருக்கு அந்த அவகாசம் இல்லை. விலை குறித்த எல்லைக்கு இறங்கியதும் இயந்திரமே விற்றுவிடும். அவ்விற்பனை விலையை மேலும் இறக்கும், அடுத்தவரின் ஈடும் விலைப்படும்.

மூன்றாவது வட்டி. வயல் நெல் தரும், வீடு வாடகை தரும். பிட்கொயினோ விலையேற்றம் ஒன்றையே நம்பியிருப்பது. பூச்சியத்தை அண்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2022 மார்ச்சில் ஏறத் தொடங்கி, ஆண்டிறுதியில் 4.25 முதல் 4.50 வீதமாயிற்று. வைப்பிலிட்டாலே வருவாய் கிடைக்கையில், ஒன்றும் ஈனாத பொருளைப் பலர் கைவிட்டனர்.

நிற்க. அதே பிட்கொயின் 2024 டிசம்பரில் 1,00,000 டொலரைக் கடந்ததும் உண்மை. பார்த்தீர்களா, பொறுத்தவர் வென்றார் என்பர் நம் நண்பர். ஆயின் 2022இல் அரிசிக்கும் மருந்துக்கும் பணம் தேவைப்பட்டவர் எங்ஙனம் பொறுப்பார்? பொறுக்க வல்லவர் வேறு வருவாய் உடையவரே.

பெரியோர்களே, இளைஞரை வெறுமனே கடிந்து பயனில்லை, கணக்கைக் காட்டுங்கள். தோழர்களே, 2022 யூலையில் நம் மத்திய வங்கி இதுபற்றிப் பொதுமக்களை எச்சரித்ததையும் மறவற்க. இடர்க்காலத்துக்கென வைக்கும் பணம் இடர்க்காலத்திற் குறையாத இடத்தில் இருத்தல் வேண்டும். தங்கையின் படிப்புக்கும் தாயின் வைத்தியத்துக்கும் உரிய பணத்தை இதில் இடாதிருப்போமாக.