விடுமுறையில் குடும்பம்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் குடும்பத்தோடு வெளியூர் சென்று, கடற்கரை உல்லாச விடுதியில் தங்கி வருவது தகுமா என்பது பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் பெரியவர்கள் சிலர் சிரிக்கிறீர்கள். "குடில் கட்டி, நள்ளிரவுப் பூசை கண்டு, முறுக்கும் அதிரசமும் சுட்டு அண்டை வீட்டாருக்குக் கொடுத்ததுதான் எங்கள் கிறிஸ்துமஸ். இப்போது ரிசார்ட்டாம், ரிசார்ட்!" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இளைஞர்களோ, "ஆண்டு முழுவதும் உழைக்கிறோம். நான்கு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன குற்றம்?" என்கிறார்கள். இரு சாரார் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

ஓய்வு உழைப்பவனின் உரிமை. பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டில் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலிலேயே, உழைப்பாளிக்கு ஓய்வு வேண்டும் என்பதை வலியுறுத்தியிருக்கிறார். 1936-இல் பிரான்சு நாட்டில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை சட்டமாக்கப்பட்டது. அதுவரை கடலையே கண்டிராத எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் அந்தக் கோடையில்தான் முதன்முறையாகக் கடற்கரைக்குச் சென்றன. 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனமும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையை உரிமை என்றே சொல்கிறது. ஆகவே, குடும்பத்தோடு நான்கு நாள் வெளியே போவதைப் பாவம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. போகும் குடும்பம் அங்கே குடும்பமாக இருக்கிறதா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதை விளக்க உலகறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன்.

ஐரோப்பாவில் டிசம்பர் மாதம் கடுங்குளிர். ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் அந்நாட்களில் பிற்பகல் 3 மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். எனவே வசதியுள்ள குடும்பங்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வெயிலைத் தேடி வெப்ப நாடுகளுக்கு வருகின்றன. தாய்லாந்தின் புக்கெட் தீவு அப்படிப்பட்ட ஓர் இடம். வெண்மணல், தென்னை, கடலோரத்தில் வரிசையாக விடுதிகள்.

2004-ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு குடும்பம் அங்கே வந்திருந்தது. தாய், தந்தை, இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் டில்லி ஸ்மித்துக்கு வயது 10. டிசம்பர் 26 காலையில் நால்வரும் மை காவ் கடற்கரையில் உலாவிக்கொண்டிருந்தார்கள். கடல் நுரைத்துப் பொங்கி, வழக்கத்துக்கு மாறாக இருப்பதைச் சிறுமி கவனித்தாள். ஊரிலிருந்து புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்புதான் பள்ளியில் பூகோள ஆசிரியர் ஆழிப்பேரலையைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தார். அதன் அறிகுறிகள் அவள் நினைவில் இருந்தன. "சுனாமி வரப்போகிறது, வாருங்கள் போய்விடலாம்" என்று அவள் பதறினாள். தாய்க்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வானம் தெளிவாக இருந்தது. அலை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் குழந்தை விடவில்லை.

அன்பர்களே, இந்த இடத்தில்தான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். விடுமுறையில் இருக்கும் தகப்பனிடம் பத்து வயதுப் பிள்ளை இப்படிக் கத்தினால், நம்மில் எத்தனை பேர் காது கொடுப்போம்? "சும்மா இரு, ஊரே பார்க்கிறது" என்று அடக்கியிருப்போம். அந்தத் தகப்பனார் அப்படிச் செய்யவில்லை. மகளை அழைத்துக்கொண்டு போய் விடுதிக் காவலரிடம் விஷயத்தைச் சொன்னார். கடற்கரையில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சற்று நேரத்தில் பேரலை வந்து மோதியது. அந்தக் கடற்கரையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஏறத்தாழ 100 பேர் பிழைத்தார்கள்.

ஆசிரியர் பாடம் சொன்னார், பிள்ளை மனத்தில் வைத்தாள், பெற்றோர் செவிசாய்த்தனர், காவலர் நம்பினார். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் என்னவாகியிருக்கும்!

அந்த டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை திருக்குடும்பப் பெருவிழாவைக் கொண்டாடிய நாள். அன்று ஆலயங்களில் வாசிக்கப்பட்ட நற்செய்தி, திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பியோடிய வரலாறு. எச்சரிக்கை கிடைத்ததும் புனித சூசையப்பர் விடியும்வரை காத்திராமல், இரவோடிரவாகப் பிள்ளையையும் தாயையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

இதைச் சொல்லும்போது ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். அன்று மாண்டவர்கள் யாரும் கவனக்குறைவால் மாண்டவர்கள் அல்லர். சுமத்ரா தீவுக்கருகே கடலடியில் எழுந்த நிலநடுக்கம் பல நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்த ஸ்வீடன் நாட்டவரில் மட்டும் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே காலையில் நம் வேளாங்கண்ணியில் அன்னையைத் தேடி வந்திருந்த திருப்பயணிகளில் நூற்றுக்கணக்கானோர் அலைக்கு இரையானார்கள். உல்லாசத்துக்குப் போனவனைக் கடல் தண்டித்தது, பக்தியோடு போனவனைக் காத்தது என்று பேச எவருக்கும் இடமில்லை. அந்நாட்களில் இந்துமாக்கடலுக்கு ஆழிப்பேரலை எச்சரிக்கை ஏற்பாடு இல்லை. நம் நாட்டில் ஐதராபாத்தில் அதற்கான நிலையம் 2007-இல்தான் அமைந்தது. இன்று கடலைக் கண்காணிக்கக் கருவிகள் உள்ளன. வீட்டுக்குள் ஒருவர் குரலை ஒருவர் கேட்கும் வேலையை மட்டும் எந்தக் கருவியும் நமக்காகச் செய்யாது.

சேர்ந்து போவதாலேயே குடும்பம் சேர்ந்து இருப்பதாகிவிடாது. பாஸ்கா விழா முடிந்து எருசலேமிலிருந்து திரும்பிய மரியாளும் சூசையும், பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று எண்ணி ஒரு நாள் பயணம் வந்துவிட்டார்கள். திருக்குடும்பத்துக்கே அப்படி நேர்ந்ததென்றால் நாம் எம்மாத்திரம்! இன்று ஒரே அறையில் நால்வர் தங்குகிறார்கள். நால்வர் கையிலும் நான்கு கைப்பேசி. தகப்பனுக்கு அலுவலகச் செய்தி, தாய்க்குப் படம் எடுத்து அனுப்பும் வேலை, பிள்ளைகளுக்கு விளையாட்டு. பக்கத்தில் இருக்கும் பிள்ளை எங்கே இருக்கிறான் என்றே தெரிவதில்லை. இதற்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து கடற்கரைக்குப் போவானேன்?

இன்னொரு குடும்பத்தையும் நாம் நினைக்க வேண்டும். விடுதியில் நமக்குச் சோறு பரிமாறுகிறவனுக்கும் ஒரு வீடு உண்டு. மாலத்தீவில் 1972-இல் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. இன்று 150-க்கு மேல் உள்ளன. அங்கே சமைக்கிறவர்கள், படகு ஓட்டுகிறவர்கள், அறை துடைக்கிறவர்களில் தமிழ்நாட்டு, கேரள, இலங்கைப் பிள்ளைகள் பலர். உலகம் விடுமுறை கொண்டாடும் டிசம்பர் மாதம்தான் அவர்களுக்குத் தலைநிமிர நேரமில்லாத மாதம். பிற சமயத்தார் பொதுவில் வழிபட அந்நாட்டுச் சட்டம் இடம்கொடுப்பதில்லை, ஆலயமும் இல்லை. பிறர் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து படைத்துவிட்டு, நள்ளிரவில் கைப்பேசி வழியே தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் படுக்கப் போகிற தகப்பன்மார்கள் அங்கே இருக்கிறார்கள். நம் மத்தியிலும் அப்படிப்பட்டவர்களின் வீடுகள் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று அந்த வீட்டுக் கதவைத் தட்டி, அந்தத் தாயையும் பிள்ளைகளையும் நம் பந்தியில் உட்காரவைப்பது இப்பங்கின் கடமை அல்லவா?

எனவே, விடுமுறைக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்கிறேன். வயதான தாய் தந்தையரை வீட்டுக் காவலுக்கு விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர்களால் வர இயலாவிட்டால் பெருவிழா நாளை அவர்களோடு கழித்துவிட்டுப் பிறகு புறப்படுங்கள். போகுமிடத்தில் ஆலயம் எங்கே, திருப்பலி எத்தனை மணிக்கு என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். வட்டிக்கு வாங்கி உல்லாசம் தேடாதீர்கள். நான்கு நாள் மகிழ்ச்சிக்கு நாற்பது மாதத் தவணை குடும்பத்துக்கு ஆகாது. வசதியில்லாதவர்கள் மனம் குன்ற வேண்டாம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பக்கத்து ஆற்றங்கரைக்கோ அணைக்கட்டுக்கோ போய் மாலையில் திரும்பினாலும் அது விடுமுறைதான். விடுதியில் உங்களுக்குப் பணி செய்கிறவரின் பெயரைக் கேளுங்கள், அதட்டாமல் பேசுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் ஒரு வேளையாவது கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டு, குடும்பத்தில் மிகச் சிறியவர் பேசுவதை முழுதும் கேளுங்கள்.

ஐம்பது ஆண்டு கண்ட இப்பங்கு குடும்பங்களால் ஆனது. குடிலுக்கு முன்னால் இருந்தாலும் கடலுக்கு முன்னால் இருந்தாலும், ஒருவர் குரல் மற்றவர் காதில் விழும் குடும்பங்களாக நாம் வாழ இறைவன் அருள்வாராக.