கலியாண ரத்தும் சொத்துப் பங்கும்



கலியாண ரத்தைப் பற்றிப் பேசினால், "குடும்பத்தைக் கெடுக்க வந்துவிட்டார்கள்" என்று சிலர் கூச்சல் போடுகிறார்கள். சேர்ந்து வாழ முடியாதவர்கள் பிரிவதற்கு 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டம் இடங்கொடுத்து விட்டது. ஆகவே, பிரியலாமா கூடாதா என்பதல்ல இன்றைய பேச்சு. பிரியும்போது பெண் எதைக் கையிலெடுத்துக்கொண்டு வெளியே வருகிறாள் என்பதே நாம் கேட்கும் கேள்வி.

இருவர் கூட்டாகக் கடை வைக்கிறார்கள். ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் பாடுபடுகிறார். பத்து வருஷங் கழித்துக் கூட்டுப் பிரிந்தால், பாடுபட்டவரைப் பார்த்து, "இதுவரை சாப்பிட்டாயே, அதுவே உன் பங்கு, போ" என்று எந்தப் பஞ்சாயத்தாராவது சொல்லுவார்களா? சொன்னால் ஊர் சிரிக்காதா? மனைவி விஷயத்தில் மாத்திரம் இதுவே நியாயமாம்!

சட்டத்தைப் பாருங்கள். அதன் 27-வது பிரிவு, கலியாணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருளைப் பற்றித்தான் பேசுகிறது. பிறகு இருபது வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த வீட்டையும் நிலத்தையும் பாதியாகப் பிரிக்க அதில் ஒரு வரி கூடக் கிடையாது. 25-வது பிரிவின்படி ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் மறுமணம் செய்துகொண்டால் அதைக் கோர்ட்டு நிறுத்திவிடலாம். தோழர்களே, ஜீவனாம்சம் என்பது பிழைப்புக்குப் படியளப்பது. பங்கு என்பது உழைப்புக்குக் கணக்குத் தீர்ப்பது. இரண்டும் ஒன்றாகுமா?

"வீட்டில் சும்மா இருந்தவளுக்குப் பங்கா?" என்பார்கள். கணவன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தைப் பற்றிய ஒரு வழக்கில், வீட்டைக் கட்டிக் காத்த மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தில் சேர்ந்திருக்கிறதென்று 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கலியாண ரத்து வழக்கல்ல. ஆனாலும் அந்த நியாயம் இதற்கும் பொருந்தாதா?

"இப்படிப் பங்கிட்டால் குடும்பம் நிலைக்குமா?" என்பவர்கள் கோவாவைப் பார்க்கட்டும். 1867-ம் வருஷத்துப் போர்த்துக்கீசிய சிவில் சட்டத்தின் வழிவந்த முறைப்படி, கலியாணத்துக்கு முன்பே வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் அங்கே தம்பதிகளின் சொத்து இருவருக்கும் பொது, ஆளுக்குப் பாதி. கோவாவில் குடும்பங்கள் இல்லாமற் போய்விட்டனவா?

1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்களுக்குச் சம சொத்துரிமையும் கலியாண ரத்து உரிமையும் வேண்டுமென்று தீர்மானித்தார்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது. கையில் காசில்லாதவளுக்குப் பிரியும் உரிமை, பூட்டைத் திறந்துவிட்டுத் தெருவில் தள்ளுவது போன்றதேயாகும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கலாமா? கூடாது. வீடு, மனை வாங்கினால் இருவர் பேரிலும் பத்திரம் எழுதுங்கள். நகைக்கு ரசீது, பாத்திரம் பண்டத்துக்கு ஜாபிதா வைத்துக்கொள்ளுங்கள். சீதனம் பெண்ணுக்கே முழுச் சொந்தம். புருஷன் வீட்டார் அதைத் திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகலாம் என்று 1985-ல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிரியும்போது கடனையும் கணக்கில் சேருங்கள். லாபம் ஆணுக்கும் கடன் பெண்ணுக்கும் என்றாகிவிடக் கூடாது.

ஆண் தோழர்களே! மேடையில் கைதட்டுவது சுலபம். வீட்டுக்குப் போனதும் பெட்டியிலுள்ள பத்திரத்தை எடுத்து, அதில் யார் பேர் இருக்கிறதென்று பாருங்கள். உங்கள் கொள்கை எவ்வளவு என்பதை அது சொல்லும்.